ஊர்க்கோயிலுக்கு வயசு என்ன? தருமபுரி, கிருஷ்ணகிரி பழைய கிறிஸ்தவ ஆலயங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் ஓர் ஊரில் கோயில் யூபிலி வருகிறதென்றால் இரண்டு வேலைகள் சேர்ந்தே தொடங்கும். நினைவு மலருக்கு வரலாறு திரட்டுவார்கள். கோயிலுக்குப் புதுப்பூச்சு பூசுவார்கள். வரலாற்றுக்கு வேண்டிய சான்றுகள் பெரும்பாலும் அந்தப் பழைய பூச்சிலும் ஓட்டிலும் கல்லிலும்தான் இருக்கின்றன. பூச்சு வேலை முந்திக்கொண்டால் அவை டிராக்டரில் ஏறிப் போய்விடும். ஊர்களிலிருந்து திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களைக் கேட்டவர்களின் சொல்லிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம்.

1. வாசலுக்கு மேலே 1934னு போட்டிருக்கு. அப்போ எங்க கோயிலுக்கு அந்த வயசுதானே?

அவசரப்பட வேண்டாம். ஒரு கோயிலுக்கு மூன்று வயது உண்டு: ஊரில் கிறிஸ்தவக் குடும்பங்கள் இருக்கத் தொடங்கிய காலம், ஊர் தனக்கென ஒரு குரு உள்ள தனிப் பங்காக ஆன ஆண்டு, இப்போது நிற்கும் கட்டடம் எழும்பிய ஆண்டு. மலர்களில் இந்த மூன்றும் குழம்பித்தான் கிடக்கின்றன.

வாசல் முகப்பு பல ஊர்களில் பின்னால் சேர்த்தது. வெளியே போய், முகப்புச் சுவரும் பக்கச் சுவரும் சேரும் மூலையைப் பாருங்கள். கற்கள் ஒன்றுக்குள் ஒன்று பல் கோர்த்தது போல ஏறி இறங்கினால் இரண்டும் ஒரே காலம். மேலிருந்து கீழ்வரை நேர்கோடாகப் பிளவு ஓடினால், முகப்பு பிறகு ஒட்டியது. அப்போது 1934 முகப்பின் வயதே தவிர, உள்ளே இருக்கும் மண்டபத்தின் வயது அல்ல.

2. இந்தப் பக்கம் கிறிஸ்தவம் வெள்ளைக்காரன் வந்த பிறகுதானே வந்தது?

இல்லை. இயேசு சபைக் குரு லெயோனார்தோ சின்னாமி 17ஆம் நூற்றாண்டின் நடுவில் சீரங்கப்பட்டணத்தை மையமாக வைத்து மைசூர் மிஷனைத் தொடங்கினார். அந்த மிஷனின் குருக்கள் தருமபுரிப் பக்கமும் வந்துபோனார்கள். கும்பினி, அதாவது கிழக்கிந்தியக் கம்பெனி, கையில் பாராமகால் (இன்றைய தருமபுரி, கிருஷ்ணகிரிப் பகுதி) வந்தது 1792இல்தான். ஓசூர்ப் பகுதி 1799இல். அதாவது, நூறு ஆண்டுக்கு மேல் இங்கே கிறிஸ்தவர்கள் வாழ்ந்த பிறகுதான் ஆங்கிலேய ஆட்சி வந்தது.

1773இல் இயேசு சபை கலைக்கப்பட்டதும், 1776 முதல் பாரிஸ் வேதபோதக சபைக் குருக்கள் பொறுப்பேற்றார்கள். ஊர்ப் பெரியவர்கள் 'பிரெஞ்சு சாமியார்' என்று சொல்வது இவர்களைத்தான். இன்று நிற்கும் பழைய கத்தோலிக்கக் கோயில்களில் பல 19ஆம் நூற்றாண்டிலும் 20இன் தொடக்கத்திலும் அவர்கள் காலத்தில் எழுந்தவை. 1930இல் புதுச்சேரி, கும்பகோணம், மைசூர் மறைமாவட்டங்களின் பகுதிகளைச் சேர்த்துச் சேலம் மறைமாவட்டம் உருவானது. அதிலிருந்து 1997இல் தருமபுரி பிரிந்தது. பழைய ஆவணங்கள் நான்கைந்து இடங்களில் சிதறிக் கிடப்பதற்கு இதுதான் காரணம்.

லுத்தரன் வரலாறு வேறு. அமெரிக்காவின் மிசோரி லுத்தரன் சபை தன் முதல் இந்தியப் பணித்தளத்தை 1895இல் தொடங்கியது கிருஷ்ணகிரியில்தான். தொடங்கியவர் தியோடோர் நேத்தர்.

3. எங்க பழைய கோயிலைத் திப்பு இடிச்சதா தாத்தா சொல்வார். மலர்ல போடலாமா?

திப்பு காலத்தில் மைசூர் நாட்டில் கிறிஸ்தவர்கள் துன்பப்பட்டது உண்மை. 1784இல் மங்களூர்க் கிறிஸ்தவர்கள் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்டதும் பதிவான செய்தி. ஆனால் அதை வைத்து ஒவ்வோர் ஊரிலும் ஒரு கோயில் இடிந்ததாக எழுத முடியாது. பாராமகால் 1767 முதல் 1792க்குள் மூன்று போர்களைக் கண்ட மண். இரு தரப்புப் படைகளும் இவ்வழியே போயின. அக்காலத்து ஊர்க்கோயில் மண்சுவரும் கூரையுமாக இருந்திருந்தால், ஆள் இல்லாமல் நாலு மழை பெய்தாலே கரைந்திருக்கும்.

'ஊரில் வழங்கும் செவிவழிச் செய்தி' என்று குறிப்பிட்டு, சொன்னவர் எந்தத் தலைமுறை என்பதையும் சேர்த்துப் போடுங்கள். கல்வெட்டில் மட்டும் பொறிக்காதீர்கள். கல்லில் ஏறிவிட்டால் அடுத்த தலைமுறை அதையே சான்றாகக் காட்டும்.

4. கல்லுல 'க அ அ எ'ன்னு எழுதியிருக்கு. யாரோ பேரா?

அது 1887. தமிழ் எண்கள் எழுத்துகளைப் போலவே இருக்கும்: ௧ என்பது க, ௨ உ, ௪ ச, ௭ எ, ௮ அ. எனவே ௧௮௮௭ என்பதைக் 'கஅஅஎ' என்று படித்துவிடுகிறோம். பழைய முறையில் ௲௮௱௮௰௭ என்றும் வெட்டியிருப்பார்கள்; ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து. ரோமன் எண்ணாக இருந்தால் எம் 1000, டி 500, சி 100, எல் 50, எக்ஸ் 10, வி 5, ஐ 1. ஓசூர்ப் பக்கம் தெலுங்கு, கன்னட எண்களையும் எதிர்பாருங்கள்.

தமிழ் ஆண்டுப் பெயர் கூடவே இருந்தால் அதிர்ஷ்டம், ஒன்றை ஒன்று சரிபார்க்கலாம். 1887 ஏப்ரலில் பிறந்தது சர்வசித்து. கல்லில் 1887ம் சர்வசித்தும் இருந்தால் பொருந்துகிறது. அந்த ஆண்டின் ஏப்ரலுக்கு முந்தைய மாதங்கள் என்றால் அதற்கு முந்தைய 'விய' ஆண்டு இருக்கும். இவை தவிர வேறு பெயர் இருந்தால், ஓர் எண்ணைத் தப்பாகப் படிக்கிறோம் என்று பொருள். பெரும்பாலும் ௧வும் ௪வும், அல்லது ௭வும் ௮வும் மாறியிருக்கும்.

தேய்ந்த கல்லைப் படிக்க இரவில் போங்கள். டார்ச்சைக் கல்லோடு ஒட்டி, பக்கவாட்டில் பிடித்தால் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். இடம், வலம், மேல், கீழ் என்று நான்கு பக்கமிருந்தும் வெளிச்சம் கொடுத்து நான்கு படம் எடுங்கள். ஒன்றில் மறையும் கோடு இன்னொன்றில் தெரியும். சாக்பீஸ் தேய்ப்பது, எழுத்துக்குள் எனாமல் பெயின்ட் விடுவது இரண்டும் வேண்டாம். பெயின்ட் அடிப்பவர் தனக்குத் தெரிந்த எழுத்தைத்தான் வரைவார். அதற்குப் பிறகு உண்மையான எழுத்து யாருக்கும் கிடைக்காது.

5. கல்வெட்டே கிடையாது. எதை வச்சுக் காலம் சொல்றது?

'இதற்கு முன்னால் இருக்க முடியாது' என்ற எல்லையை ஒவ்வொரு பொருளிலும் தேடுங்கள். லூர்து மாதா கெபி இருந்தால் அது 1858க்குப் பிந்தியது. லூர்துக் காட்சியே அந்த ஆண்டில்தான். அருளானந்தரைப் 'புனிதர்' என்று பொறித்திருந்தால் 1947க்குப் பின். 1853இல் அவர் புனிதர் பட்டத்துக்கு முந்தைய நிலையான முத்திப்பேறு பட்டம் மட்டும் பெற்றார். குழந்தை இயேசுவின் தெரேசாளுக்குப் புனிதர் பட்டம் 1925இல். ஆனால் சுரூபத்தின் (சிலையின்) காலம் சுரூபத்துக்கு மட்டுமே பொருந்தும். பழைய கோயிலில் புதுச் சுரூபம் வைக்க யாரும் தடை சொன்னதில்லை.

கல்லும் பேசும். அடிமானக் கல்லின் விளிம்பில் விரல் வைத்துத் தடவிப் பாருங்கள். கட்டை விரல் அகலத்துக்கு, ஓரிரு அங்குல ஆழத்தில், வரிசையாகப் பாதிக் குழிகள் தட்டுப்பட்டால் அது கையால் உளிக்குழி வெட்டி, ஆப்பு அடித்துப் பிளந்த கல். நீளமான, உருளை வடிவப் பள்ளம் ஓடினால் இயந்திரத் துளை, பிற்காலத்துக் கல். ஒரே சுவரில் இரண்டும் இருந்தால் எங்கே மாறுகிறது என்று குறியுங்கள். பெரும்பாலும் அங்கேதான் கோயிலை நீட்டியிருப்பார்கள்.

6. ஓட்டுக்கு அடியில் 1865னு அச்சே இருக்கு. இதைவிட ஆதாரம் வேணுமா?

இந்த ஒரு கேள்வியால் பல கோயில்களுக்கு வயது கூடிவிட்டது. 1865 என்பது பாசல் மிஷன் என்ற வேதபோதக அமைப்பு மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு. அதைத் தங்கள் முத்திரையாகவே பல பத்தாண்டுகள் அச்சிட்டார்கள். வெகுகாலம் கழித்துச் சுட்ட ஓட்டிலும் அந்த எண் இருக்கும். வேறு கம்பெனிகளும் தாங்கள் தொடங்கிய ஆண்டையே போட்டன.

ஓடு சொல்வது இவ்வளவுதான்: கூரை 1865க்குப் பிந்தியது. அதற்கு முன் அந்தக் கோயிலில் நாட்டு ஓடோ கூரையோ இருந்திருக்கலாம். சுவர் உச்சியில், இப்போதைய உத்திரத்துக்குக் கீழே, அடைத்து வைத்த பழைய உத்திரக் குழிகள் வரிசையாகத் தெரிந்தால் கூரை மாறியிருக்கிறது என்று உறுதி.

7. ஆர்.சி. கோயிலா, லுத்தரன் சர்ச்சா, கட்டடத்தைப் பார்த்தே சொல்ல முடியுமா?

ஓரளவு. கத்தோலிக்கக் கோயிலில் கண் நேரே பீடத்துக்கும் நற்கருணைப் பேழைக்கும் போகும். பின்சுவரில் சுரூபக் கூடுகள், பக்கப் பீடங்கள், பாவசங்கீர்த்தனத் தொட்டி, வெளியே கொடிமரம், சப்பரக் கொட்டகை இருக்கும். லுத்தரன் ஆலயத்தில் பீடமும் சிலுவையும் உண்டு, ஆனால் பிரசங்க பீடம் உயரமாக, எல்லோர் கண்ணிலும் படுமாறு நிற்கும். சுரூபக் கூடுகள் இருக்காது. கூர்வளைவு ஜன்னல் இரண்டிலும் உண்டு; அதை மட்டும் வைத்துத் தீர்மானிக்க வேண்டாம்.

8. பீடம் ரெண்டு இருக்கு. பழசு இடத்தை அடைக்குது, எடுத்துடலாமா?

எடுக்க வேண்டாம். 1962 முதல் 1965 வரை நடந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு முன், குரு மக்களுக்கு முதுகு காட்டி, சுவரோடு ஒட்டிய பீடத்தில் பூசை வைப்பார். சங்கத்துக்குப் பிறகு மக்களைப் பார்த்து நிற்க முன்னால் ஒரு பீடம் வந்தது. நன்மை (நற்கருணை) வாங்க முழந்தாளிடும் கிராதியும் அப்போதுதான் பல ஊர்களில் கழன்றது. பழைய பீடம் அந்த வழிபாட்டு முறைக்கு இருக்கும் ஒரே கண்கண்ட சாட்சி.

பழைய பீடத்தின் மேற்பலகை நடுவில், ஐந்து சிறு சிலுவைகள் வெட்டிய சதுரக் கல் பதித்திருக்கும். அதற்குள் புனிதரின் திருப்பண்டம் (எலும்புத் துண்டு போன்ற புனிதப் பொருள்) வைத்திருப்பார்கள். மேசன் கையில் சுத்தியலைக் கொடுப்பதற்கு முன் பங்குச் சாமியாரிடம் கேளுங்கள். மறைமாவட்டத்தின் அனுமதி இல்லாமல் அதைத் தொடக்கூடாது.

9. சுவர் ஏன் ரெண்டரை அடி தடிமன்? இப்போ 9 அங்குலத்துல கட்டறோமே.

இது ஒரே கல்லால் ஆன சுவர் அல்ல. வெளியே ஒரு வரிசை, உள்ளே ஒரு வரிசை கருங்கல். நடுவில் துண்டுக்கல்லும் மண் அல்லது சுண்ணாம்புக் கலவையும். இடையிடையே இரண்டையும் பிணைக்க நீளக் கற்கள் குறுக்கே போகும். கம்பி இல்லாத கட்டடம், எடையால்தான் நிற்கிறது. வளைவும் சாய்கூரையும் சுவரை வெளியே தள்ளும். அந்தத் தள்ளலைத் தாங்கத்தான் தடிமனும் வெளியே நிற்கும் முட்டுச்சுவர்களும். ஆகவே 'பாதையை மறைக்குது' என்று முட்டுச்சுவரை இடிப்பது, நிற்பவரின் ஊன்றுகோலைப் பிடுங்குவதுதான்.

10. மேல்தளம் ஒழுகுது. மேலே சிமெண்ட் கான்கிரீட் போட்டு மூடிடலாமா?

முதலில் உங்கள் தளம் எது என்று உள்ளே நின்று அண்ணாந்து பாருங்கள். சுமார் ஒன்றரை அடிக்கு ஒரு மரக்கட்டையும், கட்டைகளுக்கு நடுவே சின்னச் செங்கல்கள் சாய்வாக நெருக்கி நின்றதும் தெரிந்தால் அது மெட்ராஸ் டெரஸ். ஓர் அங்குலத் தடிமனுள்ள சிறு செங்கல்லை விளிம்பில் நிறுத்தி, மூலைவாட்டில் அடுக்கி, அதன்மேல் சுமார் 3 அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாட்கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டை ஓடு பதிப்பார்கள்.

இதன்மேல் 3 அங்குலக் கான்கிரீட் போட்டால் ஒவ்வொரு சதுர அடிக்கும் ஏறக்குறைய 18 கிலோ கூடும். கட்டைகள் அதற்காக வைத்தவை அல்ல. கட்டையின் நடு நன்றாகத் தெரிந்தாலும், சுவருக்குள் நுழையும் முனைதான் முதலில் அழுகும். கரையானும் அங்கிருந்துதான் ஏறும். ஸ்க்ரூடிரைவரால் சுவர் ஓரத்தில் குத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் சுலபமாக இறங்கினால் அந்தக் கட்டையை மாற்ற வேண்டும்.

ஒழுக்குக்குப் பாதிக் காரணம் வெளியே இருக்கும்: தண்ணீர்க்குழாய் வாய் அடைத்திருக்கும், கைப்பிடிச் சுவரின் ஓரத்தில் ஆலங்கன்று வேர்விட்டிருக்கும். கன்றை இழுக்காதீர்கள், கல்லும் சேர்ந்து வரும். தண்டை வெட்டி, வேரைச் சாகவிட்டு, பிறகு இடுக்கைச் சுண்ணாம்பால் அடையுங்கள்.

மங்களூர் ஓடு என்றால் கதை எளிது. 100 சதுர அடிக்கு 140 முதல் 150 ஓடு கணக்கு வைத்து, உடைந்ததை மட்டும் மாற்றுங்கள்.

11. சுவரோட கீழ்ப்பாதி உப்புப் பூத்துப் பொருபொருன்னு உதிருது. மூணு தடவை பூசியாச்சு, நிக்கவே இல்லை.

மூன்று தடவையும் சிமெண்டில் பூசியிருப்பீர்கள். அதுதான் நோய். பழைய சுவருக்கு அடியில் ஈரத்தடுப்பு கிடையாது. மண்ணிலுள்ள ஈரம் சுவரில் ஏறும். சுண்ணாம்புப் பூச்சு அதை வெளியே ஆவியாக விட்டுவிடும். சிமெண்ட் வாயை மூடிவிடும். ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமெண்டுக்குப் பின்னால் உப்பாகப் படியும். உப்பு படிகமாகும்போது பருத்துப் பூச்சைத் தள்ளும். சிமெண்ட் விழும்போது பழைய கல்லின் தோலையும் உரித்துக்கொண்டு விழும். அதனால்தான் முதல் தடவை 3 அடியில் இருந்த கறை, இப்போது 5 அடியில் நிற்கிறது.

இன்னும் இரண்டு காரணங்களைப் பாருங்கள். கோயிலைச் சுற்றிச் சுவரை ஒட்டியே பேவர் பிளாக்கோ கான்கிரீட்டோ போட்டிருக்கிறதா? தேர் ஓடவும் திருவிழாக் கூட்டம் நிற்கவும் வசதிதான். ஆனால் மண்ணிலிருந்து நேராக மேலே போக வேண்டிய ஆவி, வழியில்லாமல் சுவருக்குள் போகிறது. உள்ளே பழைய தரையை மூடிக் கிரானைட்டோ டைல்ஸோ பதித்திருந்தாலும் அதே விளைவு. கிரானைட் மலிவாகக் கிடைக்கும் நம் மாவட்டங்களில் இதுதான் மிக அதிகமாக நடக்கும் தவறு.

செய்ய வேண்டியது: சுவரை ஒட்டி 2 அடி அகலத்துக்குக் கான்கிரீட்டை எடுத்து, ஜல்லி நிரப்பி, தண்ணீர் கோயிலை விட்டு விலகி ஓடும்படி வாட்டம் கொடுங்கள். ஓட்டுத் தண்ணீர் சுவரடியில் விழாமல் தகர வாய்க்காலில் பிடித்து வெளியே விடுங்கள். சிமெண்டைக் கை உளியால் கொத்தி எடுங்கள். பிரேக்கர் மெஷின் கல்லை அசைத்துவிடும். கறை நிற்கும் மட்டத்துக்கு மேல் 2 அடி வரை எடுக்க வேண்டும். பிறகு ஒரு கோடை முழுக்கச் சுவரை வெறுமையாக விடுங்கள். பூக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி முறத்தில் பிடியுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு மறுபடி உள்ளே போகும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று ஊர் முணுமுணுக்கும். அந்தச் சில மாதப் பொறுமைதான் இந்த மருத்துவத்தில் முக்கியமான பகுதி.

12. சுண்ணாம்புக் கலவை எப்படிச் செய்யறது? கடுக்காய், முட்டை எல்லாம் கட்டாயமா?

கடையில் தூளாக விற்கும் சுண்ணாம்பு வேண்டாம். சுட்ட கல் சுண்ணாம்பைத் தொட்டியில் தண்ணீருக்குள் போட்டு நீற்றுங்கள். கொதித்துத் தெறிக்கும், கண்ணாடி, கையுறை இல்லாமல் நிற்கக்கூடாது, பிள்ளைகளை அருகில் விடக்கூடாது. சல்லடையில் வடித்து, மேலே தண்ணீர் நிற்கும்படி குறைந்தது 15 நாள் ஊறவிடுங்கள். ஊற ஊற வெண்ணெய் போல் வரும். நீறாத கட்டி கலவையில் இருந்தால், பூசிய பிறகு சுவருக்குள் நீறி, அம்மைக் கொப்புளம் போல வெடிக்கும்.

அடிப்பூச்சுக்கு ஊறிய சுண்ணாம்பு 1 பங்கு, கூர்மணல் 3 பங்கு. ஈரச் சுவராக இருந்தால் மணலில் ஒரு பங்கைக் குறைத்துச் செங்கல் பொடி சேர்க்கலாம். ஒரு பூச்சு அரை அங்குலத்தைத் தாண்டக்கூடாது. சுவரை முதல் நாளே நனைத்து வைத்து, பூசிய பின் இரண்டு வாரம் ஈரச் சாக்கு தொங்கவிடுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் கலவையை இளக்கமாக வைத்து, வெடிப்பைக் குறைக்கும். முட்டை வெள்ளைக்கரு வழவழப்பான மேல்பூச்சுக்கு மட்டும். இவை துணைதான், அவற்றை ஊற்றிவிட்டு ஊறலில் அவசரப்பட்டால் பயனில்லை. 'பிடிக்கட்டுமே' என்று ஒரு சட்டி சிமெண்ட் போட மேசன் கேட்பார். விடாதீர்கள், பழையபடி 11ஆம் கேள்விக்கே வந்து நிற்பீர்கள்.

முதலில் கண்ணுக்குப் படாத சுவரில் 2 அடிக்கு 2 அடி மாதிரி பூசி ஒரு மாதம் பாருங்கள். நம் பக்கம் வேலைக்கு ஏற்ற காலம் ஜனவரி முதல் மார்ச் வரை. ஏப்ரல் வெயிலில் வெளிப்பூச்சு ஒரே நாளில் காய்ந்து வெடிக்கும். ஐப்பசி மழை கழுவிவிடும்.

13. விரிசல் பெரிசா இருக்கு. இடிச்சுட்டுப் புதுசா கட்டணும்னு சொல்றாங்க.

விரிசல் ஓடுகிறதா, எப்போதோ ஓடி நின்றுவிட்டதா என்பதுதான் கேள்வி. மெல்லிய கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே, இரண்டு பக்கமும் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வைத்து ஒட்டி, தேதி எழுதுங்கள். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் தாண்டிக் கண்ணாடி முழுசாக இருந்தால் விரிசல் பழசு. சுண்ணாம்பால் அடைத்தால் போதும்.

இடத்தைப் பொறுத்துக் காரணம் மாறும். வளைவின் உச்சியில் நேராகப் பிளந்திருந்தால் சுவர்கள் வெளியே நகர்கின்றன. சுவர்களைப் பிணைக்கும் பழைய இரும்பு இழுகம்பியை 'மின்விசிறிக்கு இடைஞ்சல்' என்று அறுத்தார்களா, முட்டுச்சுவரை எடுத்தார்களா என்று விசாரியுங்கள். மூலையில் படிக்கட்டு போல ஏறினால் அடிமானம் இறங்குகிறது. அருகில் புதிதாகத் தோண்டிய தொட்டியோ, உடைந்த குழாயோ இருக்கும். புது மணிக்கூண்டு சேரும் இடத்தில் நேர்கோடாகப் பிரிந்திருந்தால் பயப்பட வேண்டாம். பழசும் புதுசும் வேறுவேறு அளவில் அமர்கின்றன. அந்த இடுக்கில் மழை இறங்காமல் பார்த்தால் சரி. கண்ணாடி உடைந்தால் மட்டும், பழைய கல் கட்டடத்தில் அனுபவமுள்ள பொறியாளரை உடனே கூப்பிடுங்கள். அதுவரை அந்தப் பகுதியில் யாரையும் உட்கார விடாதீர்கள்.

14. நூறு வருஷம் ஆனதும் தொல்லியல் துறை எடுத்துக்குமாமே?

எடுத்துக்கொள்ளாது. முறைப்படி அறிவித்த சின்னங்களுக்கே தொல்லியல் சட்டம் பொருந்தும். வயது நிறைந்தால் தானாக எதுவும் நடக்காது. ஆனால் 1972ஆம் ஆண்டுப் பழம்பொருள் சட்டப்படி நூறு ஆண்டு கடந்த சிற்பம், 75 ஆண்டு கடந்த அரிய கையெழுத்துப் படி போன்றவை பழம்பொருள். அவற்றை வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். பழைய மரச் சுரூபத்துக்கு 'நல்ல விலை' சொல்லி ஆள் வந்தால் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

15. ஞானஸ்நானப் புத்தகம் லத்தீன்ல இருக்கு. அதிலிருந்து கோயில் வயசு தெரியுமா?

நேராகத் தெரியாது, சுற்றிவளைத்துத் தெரியும். பெயர்கள் தமிழ்ப் பெயர்களே, எழுத்துதான் லத்தீன்; ஒரு பக்கம் பழகினால் வாசிக்கலாம். ஊரில் கோயில் எழும்பும் முன், குரு வந்து போகும் நாளில் பத்துப் பதினைந்து ஞானஸ்நானம் ஒரே தேதியில் விழும். நிரந்தரமாகக் குரு தங்கிய பிறகு தேதிகள் வாராவாரம் பரவும். அந்த மாற்றம் நடந்த ஆண்டைப் பிடியுங்கள். தாது வருடப் பஞ்சம் நடந்த 1876–78ஐத் தனியாகப் பாருங்கள். சேலம் மாவட்டம் கடுமையாக அடிபட்ட காலம், இறப்புப் பதிவேடு அதைக் காட்டும்.

பிரெஞ்சுக் குருக்கள் ஆண்டுதோறும் அனுப்பிய அறிக்கைகள் பாரிஸ் சபையின் ஆவணக்காப்பகத்தில் உள்ளன. ஊர்ப் பெயரைப் பிரெஞ்சு உச்சரிப்பில் பல விதமாக எழுதித் தேட வேண்டும். உள்ளூரில், கோயில் நிலத்தின் அ-பதிவேட்டையும் பழைய செட்டில்மென்ட் பதிவையும் தாலுகா அலுவலகத்தில் பாருங்கள். பதிவேட்டுப் பக்கங்களை வாட்ஸ்அப்பில் போட வேண்டாம். அதில் குடும்பங்களின் அந்தரங்கம் இருக்கிறது.

16. அடுத்த வாரமே பூச்சு வேலை ஆரம்பிக்குது. நிறுத்த முடியாது. குறைஞ்சபட்சம் என்ன செய்யலாம்?

ஒரு நாள் போதும். நீளம், அகலம், சுவர்த் தடிமன், ஜன்னல் அளவுகளை டேப் பிடித்து நோட்டில் வரையுங்கள். ஒவ்வொரு சுவரையும் நேரே நின்று, அளவுகோல் தெரியும்படி படமெடுங்கள். மணியின் இடுப்பில் ஓடும் எழுத்தை முழுச் சுற்றும் எடுங்கள். வார்ப்பித்த ஆண்டு அதில் இருக்க வாய்ப்பு அதிகம்.

பிறகு பீடத்தின் பக்கச் சுவரில், கதவுக்குப் பின்னால், தபால்தலை அளவுக்கு ஓரிடத்தில் வெள்ளையடிப்பைப் பிளேடால் ஒவ்வோர் அடுக்காகச் சுரண்டுங்கள். மேலே பெயின்ட், அதன்கீழ் மஞ்சள், நீலம், வெள்ளை என்று திருவிழாவுக்குத் திருவிழா அடித்த அடுக்குகள் மரத்தின் வளையம் போலத் தெரியும். எண்ணி, நிற வரிசையைக் குறியுங்கள். அதே வேலையை முகப்பிலும் செய்து ஒப்பிட்டால், எது முதலில் நின்றது என்பதற்கு, முதல் கேள்வியில் சொன்ன மூலையோடு இன்னொரு குறிப்பும் கிடைக்கும். கொத்தி விழும் பழைய பூச்சில் உள்ளங்கை அளவு ஒரு துண்டும், முத்திரையுள்ள ஓடு ஒன்றும், தளச் செங்கல் ஒன்றும் எடுத்து, எந்த இடத்தில் எடுத்தது என்று சீட்டு ஒட்டி, பங்கு அலுவலகப் பீரோவில் வைத்துவிடுங்கள்.